வன்னி மேட்டுநிலப் பயிர்களில் அழுக்கணவன்: வேப்பம் விதை சேர்ப்பதிலிருந்து தெளிகருவி கழுவுவது வரை

மார்கழிக் கடைசியில் மழை ஓய்ந்து, இரவில் பனி கொட்டி, பகலில் வெயில் ஏறத் தொடங்கிய ஒரு கிழமைக்குள், வன்னியில் உழுந்தும் கௌபியும் போட்டவர்களின் காணிகளில் ஒரே மாதிரியான காட்சி தெரியும். முந்தாநாள் வரை பச்சையாக நின்ற குருத்துகளில் சில, கரித்தூள் அப்பியது போலக் கறுத்து நிற்கும். கிட்டப் போய்ப் பார்த்தால் அந்தக் கறுப்பு மெல்ல அசையும். பெரும்பாலானோர் அன்றைக்கே கிருமிநாசினிக் கடைக்குப் போய், கடைக்காரர் எடுத்துத் தருவதை வாங்கி வந்து, மறுநாட் காலையில் காணி முழுவதற்கும் அடித்துவிடுகிறார்கள். அழுக்கணவன் என்னும் இந்தச் சாறு உறிஞ்சும் பூச்சியைப் பொறுத்தவரை இது பல வேளைகளில் தேவையற்ற செலவு; சில வேளைகளில் பூச்சியைப் பெருக்கிவிடும் செயலும் ஆகும். மருந்தடிக்கவே கூடாது என்று சொல்வது இந்த வழிகாட்டியின் நோக்கமன்று. எதை, எப்போது, எவ்வளவு பரப்புக்கு என்ற முடிவைக் கடையில் அல்லாமல் காணியில் நின்று எடுப்பது எப்படி என்பதையே இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

முதற்படி: பூச்சியை அறிதல்

தமிழ்நாட்டு நூல்களில் அசுவினி என்றும் செடிப்பேன் என்றும் வருவதும் நாம் அழுக்கணவன் என்பதும் ஒன்றே. உழுந்து, பயறு, கௌபி, பயிற்றை, நிலக்கடலை ஆகியவற்றில் வருவது பெரும்பாலும் மினுமினுப்பான கரிய நிறமுடைய ஏபிஸ் கிராக்கிவோரா என்னும் இனம். மிளகாய், வெண்டி, கத்தரி, பூசணி வகைகளில் மஞ்சள் முதல் கரும்பச்சை வரை நிறம் மாறும் ஏபிஸ் கொசிப்பியும், சோளத்தின் குருத்திலும் பூந்தண்டிலும் நீலப்பச்சை நிறமான வேறோர் இனமும் காணப்படும். உடலின் பின்பக்கத்தில் இரண்டு சிறு குழாய்கள் நீட்டிக்கொண்டிருப்பதே இவை எல்லாவற்றுக்கும் பொதுவான அடையாளம். கைக்கண்ணாடி ஒன்றிருந்தால் அதைத் தெளிவாகப் பார்க்கலாம்.

வெப்பமான எமது பகுதியில் இவற்றுள் ஏறத்தாழ அனைத்தும் பெண் பூச்சிகளே. அவை ஆணின்றியே, முட்டையிடாமல், உயிருள்ள குஞ்சுகளை ஈனுகின்றன. பிறக்கும் குஞ்சின் வயிற்றுக்குள்ளேயே அடுத்த தலைமுறையின் கரு வளரத் தொடங்கியிருக்கும். பிறந்த குஞ்சு நான்கு முறை தோலுரித்து, ஒரு கிழமை அளவில் தானும் ஈனத் தொடங்கிவிடும். "நேற்று இல்லை, இன்று நிறைந்துவிட்டது" என்று கமக்காரர் சொல்வதில் மிகையேதும் இல்லை. கூட்டம் நெருங்கி, செடியின் சாறு குறையும்போது இறக்கையுள்ளவை உருவாகி அடுத்த காணிக்குப் பறக்கின்றன.

மிளகாயில் மட்டும் ஓர் எச்சரிக்கை. இலை சுருண்டால் எல்லோரும் ஒரே மருந்தைத் தேடுகிறார்கள். இலை ஓரம் மேல்நோக்கிப் படகு போலச் சுருண்டால் அது பனிப்பூச்சியின் வேலையாகவும், கீழ்நோக்கிச் சுருண்டு இலைக்காம்பு நீண்டால் சிற்றுண்ணியின் வேலையாகவும் இருக்கவே வாய்ப்பு அதிகம். அழுக்கணவன் இருந்தால் இலையின் கீழ்ப்பக்கத்தில் பூச்சியே கண்ணுக்குத் தெரியும். அதன் வெண்ணிறத் தோலுரிகளும் தெரியும். கீழிலைகளைத் தொட்டால் பாணி போலக் கையில் ஒட்டும். அந்தப் பிசுபிசுப்பின் மேல் பின்னர் கரிய பங்கசு படர்ந்து இலையை மூடும். எறும்புகள் வரிசையாகச் செடியில் ஏறினால் அவற்றைப் பின்தொடருங்கள். அந்த இனிப்புக்காகவே அவை ஏறுகின்றன, அதற்காகவே அழுக்கணவனை அதன் எதிரிகளிடமிருந்து காவலும் காக்கின்றன.

இரண்டாம் படி: எண்ணிப் பார்த்தல்

கிழமைக்கு இரு தடவை, வெயில் ஏறுமுன், காணியின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குக் குறுக்காக நடந்து, வழியில் இருபது இருபத்தைந்து செடிகளின் நுனிக் குருத்தைப் புரட்டிப் பாருங்கள். பயற்றினப் பயிர்களில் குருத்தின் 2.5 சென்ரிமீற்றர் நீளத்துக்கு, அதாவது பெருவிரலின் மேற்கணு அளவுக்கு, 20 பூச்சிகள் என்பது தெளிப்பைப் பற்றி யோசிக்க வேண்டிய எல்லையாகக் கொள்ளப்படுகிறது. பெரும்பாலான செடிகளில் எண்ணிக்கை அதற்குக் கீழே இருந்தால் தெளிகருவியைத் தொட வேண்டாம். காணி ஓரத்தில் நாலைந்து செடிகளில் மட்டும் அப்பியிருந்தால் அந்தக் குருத்துகளைக் கிள்ளிச் சவர்க்காரத் தண்ணீருள்ள வாளியில் போட்டாலே போதும். பயிற்றைப் பந்தலில் இந்த வேலைக்கு அரைமணி நேரம் செல்லாது.

பூச்சியை எண்ணும்போதே அதன் எதிரிகளையும் எண்ண வேண்டும். செம்மஞ்சள் முதுகில் கறுப்புக் கோடும் புள்ளியும் உள்ள புள்ளிவண்டை எல்லோருக்கும் தெரியும். ஆனால் முதலையைச் சிறிதாக்கியது போன்ற அதன் புழுவைப் பலருக்குத் தெரியாது. அதையும் பீடை என்றெண்ணி நசுக்குபவர்களைக் கண்டிருக்கிறேன். கூட்டத்தின் நடுவே கால்களில்லாமல் நெளியும் பச்சை நிறப் புழு, பூவுக்கு மேலே அசையாமல் பறந்து நிற்கும் ஈ ஒன்றின் குஞ்சு. அதுவும் அழுக்கணவனையே உண்கிறது. உப்பி, வைக்கோல் நிறமாகி, இலையோடு ஒட்டி இறந்து கிடக்கும் அழுக்கணவன்கள், சிறு குளவியொன்று உள்ளே முட்டையிட்டதன் அடையாளம். பத்துக் குருத்தில் ஐந்தாறிலாவது இவற்றில் ஏதேனும் தென்பட்டால் இன்னும் நான்கு நாட்கள் பொறுத்து மறுபடியும் எண்ணுங்கள். அந்த இடைவெளியில் ஒரு பெருமழை பெய்தால் உங்கள் வேலை முடிந்துவிடவும் கூடும். மழை பூச்சியை அடித்து வீழ்த்துவதோடு, ஈரப்பதன் அதைக் கொல்லும் பங்கசுக்கும் இடம் கொடுக்கிறது.

இந்த எல்லை நோயுள்ள காணிக்குப் பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கௌபியிலும் மிளகாயிலும் வரும் சித்திரவடிவ வைரசு நோய்களிற் பலவற்றை அழுக்கணவன் காவுகிறது. நோய்ச்செடியில் சில வினாடிகள் ஊசி வாயைக் குத்தி எடுத்தாலே வைரசு அதில் ஒட்டிக்கொள்ளும். அடுத்த செடியில் குத்தியவுடன் இறங்கிவிடும். எவ்வளவு கடுமையான பூச்சிநாசினியும் அந்தச் சில வினாடிகளுக்குள் பூச்சியைக் கொன்றுவிடாது. ஆகவே இந்நோய்க்கு மருந்து தேடாமல், மஞ்சளும் பச்சையும் கலந்து திட்டுத் திட்டாகத் தெரியும் செடியைக் கண்டவுடன் பிடுங்கி எரிக்க வேண்டும். கௌபியில் இந்த வைரசுகள் விதை வழியாகவும் வரும் என்பதால், அத்தகைய காணியிலிருந்து அடுத்த போகத்துக்கு விதை எடுக்கக் கூடாது.

மூன்றாம் படி: விதைக்கும் முன்பே செய்பவை

வேலிக் கிளிசெறியாவில் இதே கரிய அழுக்கணவன் தாராளமாக வாழும். காலபோக விதைப்புக்கு முன்னர் வேலியை வெட்டிப் பசளையாகப் போடுவது நல்லது. பயிர் முளைத்து இளம் குருத்து விடும் நாட்களில் வெட்டினாலோ, வாடும் கிளையிலிருந்து பூச்சி நேரே பயிருக்கு மாறும். அதே வேலியில்தான் புள்ளிவண்டும் பெருகுகிறது என்பதால் முழுவதையும் ஒரே நாளில் வெட்டாமல் பகுதி பகுதியாக வெட்டுவதே என் வழக்கம்.

மிளகாய் அல்லது கௌபிக் காணியைச் சுற்றி, இரண்டு கிழமை முன்னதாக இரண்டு மூன்று வரிசை சோளம் போடுவது கைகண்ட உத்தி. பறந்து வரும் அழுக்கணவன் முதலில் உயர்ந்து நிற்கும் சோளத்தில் இறங்கிக் குத்திப் பார்க்கும். அங்கேயே அதன் வாயிலிருக்கும் வைரசு பெருமளவுக்குத் துடைபட்டுவிடும். சோளத்துக்கென வரும் அழுக்கணவன் பயற்றினப் பயிர்களுக்கு வராது, ஆனால் அதை உண்ண வரும் புள்ளிவண்டு இரண்டுக்கும் வரும். வெறும் மண் தெரியும் இடத்திலேயே பறக்கும் பூச்சி அதிகம் இறங்குவதால், நெல் அறுவடைக்குப் பின் வயலில் பயறு போடுபவர்கள் வைக்கோலை எரிக்காமல் வரிசைகளுக்கிடையே பரப்பினால், ஈரமும் காக்கப்படும், பூச்சி இறங்குவதும் குறையும். யூரியாவை அள்ளி வீசினால் குருத்து மென்மையாகிச் சாறு இனிப்பாகும். பயற்றினத்துக்கு அது பெரிதாகத் தேவைப்படுவதும் இல்லை.

நான்காம் படி: வேப்பம் விதைச் சாறு

2021இல் இரசாயனப் பசளைக்கும் விவசாய இரசாயனங்களுக்கும் இறக்குமதித் தடை வந்தபோது எல்லோரும் திடீரென்று வேம்பைத் தேடினார்கள். தெருவெல்லாம் வேப்பமரம் நிற்கும் ஊர்களிலும் கையில் விதை இருக்கவில்லை. பழம் விழும் காலம் கடந்திருந்தது, அல்லது விழுந்தது மண்ணோடு மண்ணாகியிருந்தது. வேப்பம் விதைச் சாற்றின் முதல் வேலை ஆடி மாதத்தில் தொடங்குகிறது என்பதை மறந்தால் மார்கழியில் அது கிடைக்காது.

மஞ்சளாகப் பழுத்து விழுந்த பழங்களை நாள்தோறும் பொறுக்கித் தண்ணீரில் பிசைந்து சதையை நீக்குங்கள். விதையை ஒரு நாள் வெயிலிலும், பிறகு சில நாட்கள் நிழலிலும் நன்றாக உலர்த்தி, காற்றுப் போகும் சாக்கில் அல்லது துணிப்பையில் கட்டித் தொங்கவிடுங்கள். பொலித்தீன் பைக்குள் அடைத்தால் பூஞ்சணம் பிடித்துச் சரக்கே கெட்டுவிடும். சேமித்து மூன்று மாதங்களுக்குப் பிறகும் எட்டு மாதங்களுக்குள்ளும் உள்ள விதையே சிறந்தது என்பதால், ஆடியில் சேர்த்தது காலபோகப் பயிருக்குச் சரியாக வந்து பொருந்துகிறது. உடைத்துப் பார்க்கும்போது பருப்பு பச்சை சார்ந்த நிறத்தில் இருக்க வேண்டும். கறுத்ததையும் பூஞ்சணம் பிடித்ததையும் எறிந்துவிடுங்கள்.

அளவு ஐந்து வீதம், அதாவது ஒரு லீற்றர் தண்ணீருக்கு 50 கிராம் பருப்பு. எனவே 16 லீற்றர் தெளிகருவிக்கு 800 கிராம் பருப்பு வேண்டும். தெளிக்கும் நாளுக்கு முதல் மாலை, பருப்பை எண்ணெய் பிரியாதபடி மெதுவாக இடித்துத் தூளாக்கி, துணியில் தளர்வாகக் கட்டி, நான்கைந்து லீற்றர் தண்ணீரில் இரவு முழுவதும் ஊறவிடுங்கள். மறுநாள் தண்ணீர் பால் போல வரும்வரை பொட்டலத்தைப் பிழிந்து பிழிந்து அமுக்கி, மெல்லிய துணியில் இருமுறை வடித்து, 32 கிராம் பார் சவர்க்காரத்தை வேறாகக் கரைத்துச் சேர்த்து, மொத்தம் 16 லீற்றராக்குங்கள். வடிப்பதில் சோம்பல்பட்டால் காணி நடுவில் நின்று தெளிகருவியின் வாயைக் கழற்றி ஊத நேரிடும்.

தண்ணீரைப் பற்றியும் ஒரு சொல். வன்னியின் பல கிணறுகளில் தண்ணீர் கடினமானது. அதில் சவர்க்காரம் நுரைக்காமல் திரிந்து வெள்ளைப் படிவாக மிதக்கும், இலையிலும் ஒட்டாது. காரத்தன்மை கூடிய தண்ணீர் வேம்பின் முக்கிய இரசாயனமான அசாடிராக்டினையும் விரைவில் சிதைக்கிறது. சேமித்த மழைநீர் அல்லது தெளிந்த குளத்து நீரே நல்லது. வெயிலும் அதைச் சிதைப்பதால் மாலை நான்கு மணிக்குப் பின் தெளித்து, கரைத்ததை அன்றே முடித்துவிட வேண்டும்.

வேம்பிடம் எதை எதிர்பார்க்கலாம் என்பதிலும் நேர்மை வேண்டும். அது அடித்த உடனே பூச்சியை விழுத்தாது. உண்பதைக் குறைத்து, குஞ்சுகள் தோலுரிப்பதைக் குழப்புவதே அதன் வேலை என்பதால், பலன் தெரிய நான்கு முதல் ஏழு நாட்கள் ஆகும். மறுநாள் போய்ப் பார்த்துவிட்டு "சரிவராது" என்று கைவிடுபவர்களே அதிகம். ஏழு முதல் பத்து நாட்களில் மறுபடி தெளிக்க வேண்டும். முற்றிப் போன கூட்டத்தை அது தனியாக அடக்காது. கணக்கையும் பாருங்கள்: ஓர் ஏக்கருக்கு 200 லீற்றர் கரைசல் என்றால் 10 கிலோ பருப்பு, அதற்கு ஏறத்தாழ 20 கிலோ உலர் விதை. ஆகவே பல ஏக்கர் உழுந்துக்கு முழுவதும் அடிப்பதைவிட, பூச்சி தொடங்கிய திட்டுகளையும் அவற்றைச் சுற்றி இரண்டு மூன்று மீற்றரையும் மட்டும் நனைப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

ஏனைய சாறுகள்

வெறும் சவர்க்காரக் கரைசல், லீற்றருக்கு ஐந்து கிராம் அளவில், மென்மையான உடலுள்ள அழுக்கணவனைத் தொட்டால் கொல்லும். காய்ந்த பிறகு அதற்கு எந்த வேலையும் இல்லை. அளவைக் கூட்டினால் வேகம் கூடும் என்றெண்ணி ஒருமுறை இரட்டிப்பாகக் கரைத்து நடுப்பகலில் அடித்து, பயிற்றை இலைகளின் ஓரத்தை நானே கருக்கியிருக்கிறேன். புதிய கரைசல் எதுவானாலும் முதலில் நாலைந்து செடிகளில் அடித்து இரண்டு நாட்கள் பார்ப்பது அந்த அனுபவத்துக்குப் பிறகு வந்த பழக்கம்.

புகையிலைக் கசாயம் வடக்கில் பழையது, வேகமானது. அதேவேளை நான் தயக்கத்தோடு மட்டும் குறிப்பிடுவதும் அதுவே. அதிலுள்ள நிக்கொற்றின் தோல் வழியாகவே மனித உடலுக்குள் போகும் கடும் நஞ்சு. நன்மை செய்யும் பூச்சிகளையும் அது விட்டுவைக்காது. மிளகாய், கத்தரி, தக்காளி ஆகியவை புகையிலையின் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதால் புகையிலைச் சித்திரவடிவ வைரசை அவற்றுக்குக் கொண்டுபோகும் வாய்ப்பும் உண்டு. அப்பயிர்களுக்கு அதைத் தொடவே வேண்டாம். சீத்தாப்பழ விதைத் தூளும் பூச்சியைக் கொல்லும், ஆனால் அத்தூள் கண்ணில் பட்டால் பார்வையே கெடலாம். செடியிலிருந்து வந்தது என்பதால் ஒன்று தீங்கற்றதாகிவிடாது. கடையில் விற்கும் இமிடாகுளோபிரிட் போன்ற மருந்துகள் பூச்சியின் நரம்பில் தாக்கும் இடமும் நிக்கொற்றின் தாக்கும் இடமும் ஒன்றே.

ஐந்தாம் படி: பூச்சிநாசினி

எல்லையைத் தாண்டிய எண்ணிக்கை, எதிரிப் பூச்சிகள் குறைவு, மழைக்கு அறிகுறி இல்லை, பயிர் இன்னும் பூக்கவில்லை அல்லது பிஞ்சு பிடிக்கிறது என்ற நிலையில் பூச்சிநாசினி நியாயமானது. செடிக்குள் ஊடுருவிச் சாற்றோடு கலக்கும் வகையே சாறு உறிஞ்சும் பூச்சிக்கு ஏற்றது. இமிடாகுளோபிரிட், தயமெதொக்சாம், அசெற்றமிபிரிட் ஆகியவை அவ்வகையின. இம்மூன்றும் வெவ்வேறு பெயர்கொண்ட ஒரே குடும்பம். ஒன்று கேட்கவில்லையென்று அடுத்த கிழமை மற்றொன்றை அடிப்பது மருந்தை மாற்றுவது ஆகாது. ஒரே மருந்தை இரண்டாம் முறை அடிப்பதேயாகும், பூச்சியில் எதிர்ப்பு வளர்வதும் இப்படித்தான். இரண்டாம் தெளிப்புத் தேவைப்பட்டால் வேறு குடும்பத்து மருந்தை விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறியுங்கள், அல்லது இடையில் வேம்பைப் பயன்படுத்துங்கள். பைரித்ரொயிட் வகை மருந்துகள் புள்ளிவண்டையும் குளவியையும் துடைத்துவிடுவதால், இரண்டு கிழமையில் அழுக்கணவன் முன்னைவிடப் பெருகித் திரும்புவது வழமை.

இணையத்தில் தமிழில் தேடினால் வருபவை பெரும்பாலும் தமிழ்நாட்டுப் பரிந்துரைகள். அவற்றில் இன்றும் காணப்படும் மொனோகுரோட்டோபொஸ் இலங்கையில் 1995இல் தடைசெய்யப்பட்டது. டைமெதொயேற் 2008 முதல் 2011 வரையிலான காலத்தில் படிப்படியாக நீக்கப்பட்டது. இத்தடைகளுக்குப் பின்னர் இந்நாட்டில் நஞ்சருந்தி இறப்போர் தொகை பெரிதும் குறைந்தது. போத்தலில் மும்மொழிகளிலும் அச்சிட்ட லேபிள் இல்லாததையும், சிறு போத்தலில் பிரித்து ஊற்றித் தருவதையும் வாங்காதீர்கள்.

அளவுக்கு லேபிள் சொல்வதே முடிவு. அது 10 லீற்றருக்கு 5 மில்லிலீற்றர் என்றால் 16 லீற்றர் தெளிகருவிக்கு 8 மில்லிலீற்றர். போத்தல் மூடியால் அளக்காமல் அளவுக்குவளையால் அளக்க வேண்டும். அறுவடைக்கு முன் விட வேண்டிய நாட்களும் அங்கேயே இருக்கும். இரண்டு நாட்களுக்கு ஒருமுறை பறிக்கும் பயிற்றையிலும் வெண்டியிலும் அந்த இடைவெளியைக் காக்கவே முடியாது என்பதால், காய்க்கத் தொடங்கிய பின் அவற்றுக்குச் சவர்க்காரமும் வேம்பும் கிள்ளி எறிதலும் மட்டுமே என்று நான் சொல்வேன். எள்ளும் பூசணியும் பூத்திருக்கும்போது இமிடாகுளோபிரிட் குடும்பத்து மருந்துகளை அடித்தால் தேனீ சாகும். காட்டுத் தேனுக்குப் பெயர்போன இடத்தில் இதை விரிவாக விளக்கத் தேவையில்லை.

தெளிக்கும் வேளை

பூச்சி இருப்பது குருத்திலும் இலையின் கீழ்ப்பக்கத்திலும் என்பதால், தெளிகுழாயைக் கீழிருந்து மேல்நோக்கிப் பிடித்து, நுண்துளியாகத் தெளிக்கும் கூம்பு வாயைப் பயன்படுத்துங்கள். காலை ஒன்பதுக்கு முன் அல்லது மாலை நான்குக்குப் பின், வாடைக்காற்று முதுகில் அல்லது பக்கவாட்டில் படும்படி நடக்க வேண்டும். சாரத்தைக் கட்டிக்கொண்டு வெறுமேலோடு அடிப்பதை விட்டு, நீளக்கைச் சட்டையும் காற்சட்டையும் கையுறையும் முகக்கவசமும் அணியுங்கள். தலைச்சுற்று, வாந்தி, கண்மங்கல் வந்தால் உடனே நிறுத்தி, உடை களைந்து உடலைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, லேபிளையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும். தெளிகருவியைக் குளத்திலோ வாய்க்காலிலோ கிணற்றடியிலோ கழுவாமல், கழுவிய நீரைத் தெளித்த பயிரின் மேலேயே தெளித்துவிடுங்கள். வெறும் போத்தலை மூன்று முறை அலசி, துளையிட்டு, வேறு எதற்கும் பயன்படாதபடி செய்ய வேண்டும்.

தெளித்த பின்

காணியில் ஒரு வரிசையைத் தெளிக்காமல் விட்டுக் கோல் நட்டு வையுங்கள். பூச்சிநாசினி என்றால் மூன்றாம் நாளிலும், வேம்பு என்றால் ஏழாம் நாளிலும், தெளித்த செடிகளிலும் விட்ட வரிசையிலும் முன்போலவே எண்ணி, திகதியோடு ஒரு கொப்பியில் எழுதுங்கள். இரண்டு இடத்திலும் ஒரேயளவு குறைந்திருந்தால் அதைச் செய்தது மருந்தன்று, புள்ளிவண்டோ பனியோ மழையோ ஆகும். அறுவடை முடிந்ததும் காய் பறித்த செடிகளைப் பச்சையாக நிற்க விடாமல் உழுது புதைத்து, வரப்பில் தானாக முளைத்த கௌபியையும் பயறையும் பிடுங்கிவிடுங்கள். சிறுபோகப் பயிர் முளைக்கும்வரை அழுக்கணவன் தங்கியிருப்பது அவற்றிலேயே.